அட்டைக்குத் தெரியாத ஆசாரம்

“சாமி, எனக்கு மட்டும் ஏன் இன்னும் உபதேசம் இல்லை?”

பல வருஷமாக அடக்கி வைத்திருந்த கேள்வி. கேட்டுவிட்டு அம்பலவாணர் கைகட்டி நின்றார்.

அவருக்குப் பின்னால் மடத்துக்கு வந்தவர்கள் எல்லாம் குருவின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள், உபதேசம் கேட்டார்கள், சந்தோஷமாக ஊர் திரும்பினார்கள். அம்பலவாணர் ஒருநாளும் குருவுக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை. அடக்கத்தில் அவரை மிஞ்ச அந்த மடத்தில் ஆளில்லை. அது அவருக்கும் தெரியும்.

குரு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

“இது என்ன?”

கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தன. கணுக்கால் பக்கம் தோல் கறுத்துப்போயிருந்தது.

“நரம்புச் சுருட்டு சாமி. உங்க முன்னால நின்ன புண்ணியம்.”

“வலிக்குதா?”

“வலி உடம்புக்குத்தானே சாமி.”

“அப்ப உடம்புக்கு வைத்தியம் பார்ப்போம்.”

மறுநாள் காலை வைத்தியர் செங்கமலம் ஒரு மண்கலயத்தோடு வந்தார். கலயத்துத் தண்ணீரில் அட்டைகள் நெளிந்தன.

“இன்னும் கொஞ்ச நாள் இப்படியே நின்னீங்கன்னா புண்ணு வச்சிடும். அப்புறம் மடத்துப் படிகூட ஏற முடியாது. காலை நீட்டி உட்காருங்க.”

பின்கட்டில் யாரும் இல்லை. அம்பலவாணர் தைரியமாக உட்கார்ந்தார். செங்கமலம் காலைக் கழுவி, புடைத்த இடத்தில் அட்டையை விட்டார். அது இடம் பார்த்து வாயை வைக்கப் போன நேரம், குரு வந்தார்.

அம்பலவாணர் துள்ளி எழுந்தார். அட்டை ஒரு பக்கம் விழுந்தது, ஈரத்துணி ஒரு பக்கம் விழுந்தது.

“உட்காருங்க சாமி. அது கடிக்கக் கொஞ்சம் அவகாசம் வேணாமா?” என்றார் செங்கமலம் அம்பலவாணரிடம்.

“குரு நிற்கும்போதா?”

குரு தரையில் உட்கார்ந்தார்.

“இப்ப உட்காரலாமா?” என்றார் செங்கமலம்.

“குருவுக்குச் சமமாகவா?”

செங்கமலம் குனிந்து அட்டையைத் தேடினார்.

“பெரிய சாமி, அட்டைக்கு இவ்வளவு ஆசாரம் தெரியாது. தப்பா நினைக்காதீங்க, அது உங்க கால்ல ஏறிடுச்சு.”

அம்பலவாணர் பதறிப்போனார். பொத்தென்று தரையில் உட்கார்ந்து, குருவின் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அட்டையைப் பிடுங்கக் கை நீட்டினார்.

“பிடுங்காதீங்க, புண்ணாயிடும். மஞ்சள்தூள் போட்டா விட்டுடும்” என்றார் செங்கமலம்.

“பாவம், குடிச்சிட்டுப் போகட்டும்” என்றார் குரு.

“எவ்வளவு நேரம் குடிக்கும்?”

“அதோட பசியைப் பொறுத்தது.”

அம்பலவாணருக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்காகக் கொண்டுவந்த அட்டை குருவின் ரத்தத்தைக் குடிக்கிறது. வைத்த கண் வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்து வெயில் சுவரைவிட்டு இறங்கிய பிறகு, அட்டை கொழுகொழுவென்று கழன்று விழுந்தது.

அப்போதுதான் நீட்டியிருந்த தன் காலைப் பார்த்தார். அதில் மூன்று அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

“இதெல்லாம் எப்ப விட்டீங்க?”

“நீங்க உட்கார்ந்ததுமே.”

உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழப் பார்த்தார். குருவின் பாதம் இன்னும் மடியில் இருந்தது.

“சாமி, காலை எடுத்தீங்கன்னா எழுந்துக்குவேன்.”

“அதனாலதான் எடுக்கல.”

“பெரிய தப்பு பண்ணிட்டேன் சாமி. உபதேசம் வாங்கறதுக்கு முன்னாலேயே உட்கார்ந்துட்டேன்.”

“உபதேசம்தான் நீ வந்த அன்னிக்கே கொடுத்தாச்சே.”

அம்பலவாணருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வந்த அன்று நல்ல மழை. நனைந்த வேட்டியோடு வாசலில் நின்றதும், குரு பக்கத்தில் இருந்த பாயைத் தட்டி என்னவோ சொன்னதும் நினைவுக்கு வந்தன. நம்மைச் சோதிக்கிறார் என்று நினைத்து, அன்றைக்குக் கைகட்டியவர்தான்.

“அன்னிக்கு என்ன சாமி சொன்னீங்க?”

“உட்காருன்னு சொன்னேன்.”