வெங்காயக் கிலோவும் முந்திரிக் கிலோவும்

ஒரு சந்தைப் பேட்டையில் முத்துக்கனி என்று ஒருத்தி வெங்காயக் கடை வைத்திருந்தாள். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மேலே ஒரு தார்ப்பாய், கீழே நாலு சாக்கு, நடுவில் ஒரு தராசு, அவ்வளவுதான். தராசுக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் பலகை கிடந்தது. அதன்மேல் எடைக்கற்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவற்றில் ஒரு கிலோ கல்லைப் பற்றித்தான் இந்தக் கதை.

நல்ல வார்ப்பு இரும்பு அது. அடிவயிற்றில் ஒரு சின்னக் குழி. குழி நிறைய ஈயம், ஈயத்தின்மேல் சர்க்கார் முத்திரை. எடைக்கல்லுக்குப் படிப்பு, பட்டம் எல்லாம் அந்த முத்திரைதான். அது இல்லாவிட்டால் எவ்வளவு கனமாக இருந்தாலும் வெறும் இரும்புதான், தட்டில் ஏற்ற மாட்டார்கள்.

எடைக்கற்கள் தங்களுக்குள் ஒரு பேச்சு வைத்திருந்தன. எதிர்த்தட்டில் என்ன வந்து விழுகிறதோ அதைத்தான் அவை சம்பளம் என்று சொல்லும். நம் ஆளுக்கு வெங்காயம் சம்பளம். காலையில் கடை திறந்ததிலிருந்து அடைக்கிற வரைக்கும் வெங்காயம் விழும், பைக்குள் போகும், மறுபடி விழும். அதற்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. தட்டில் ஏறினால், நான் இருக்கேன், தைரியமா அள்ளிப் போடு என்கிற மாதிரி கம்மென்று உட்காரும். முத்துக்கனி கடையில் எடை சுத்தம் என்று பேட்டை முழுக்கப் பேர். அந்தப் பேரில் தனக்கும் பங்கு உண்டு என்று அதற்கு ஒரு பெருமிதம்.

எல்லாம் தீபாவளி வரைக்கும்தான்.

அந்தப் பேட்டையில் கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் கல் இரவல் கொடுப்பது வழக்கம். தீபாவளிக் கூட்டம் தாங்காமல் முந்திரிக் கடை ஜெபமணி இரண்டாவதாக ஒரு தராசு தொங்கவிட்டார். அதற்குக் கிலோ கல் இல்லை. முத்துக்கனியிடம் வந்து கேட்டார். அவள் இரண்டு அரைக்கிலோ கற்களை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்லி, கல்லை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

முந்திரிக் கடையில் காலெடுத்து வைத்ததும் நம் ஆளுக்கு வாய் அடைத்துப்போயிற்று. கண்ணாடிப் பெட்டி, குழல் விளக்கு, ஏலக்காய் மணம். அங்கே ஏற்கனவே இருந்த கிலோ கல் இதைப் பார்த்ததும் நலம் விசாரித்தது. பேசப் பேசத்தான் தெரிந்தது, இரண்டும் ஒரே பட்டறையில், ஒரே அச்சில், ஒரே வருஷம் வார்த்தவை. முத்திரை போட்டதும் ஒரே சர்க்கார் முகாமில். அட, நீயா என்று இரண்டும் கொஞ்ச நேரம் கொண்டாடிக்கொண்டன.

கொண்டாட்டம் முடிந்ததும் அடுத்தது என்ன? கூடப் படித்தவர்கள் எங்கே சந்தித்தாலும் எந்தப் பேச்சு வருமோ அந்தப் பேச்சுதான் வந்தது.

“உனக்கு என்ன சம்பளம்?” என்றது முந்திரிக் கிலோ.

“வெங்காயம்.”

முந்திரிக் கிலோ அதை மேலும் கீழும் பார்த்தது. பிறகு ரொம்பப் பரிவாக, “பரவாயில்லை, அதுவும் யாராவது பார்க்க வேண்டிய வேலைதானே” என்றது.

திட்டியிருந்தால்கூட மறந்து போயிருக்கும். இந்தப் பரிவு இருக்கிறதே, அது போய் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஒரே அச்சு, ஒரே எடை, ஒரே முத்திரை. அதற்கு எதிரே முந்திரி, எனக்கு எதிரே வெங்காயம். எந்த ஊர் நியாயம் இது என்று பண்டிகை முடிகிற வரைக்கும் அது மனசுக்குள் பொருமிக்கொண்டே இருந்தது.

அங்கே இருந்த நேரத்தில் அதுவும்தான் முந்திரி நிறுத்தது. ஆனால் அது மனசில் நிற்கவில்லை. இரவல் இரவல்தானே.

திரும்பி வந்த கல் பழைய கல் இல்லை. வெங்காயத் தோல் காற்றில் பறந்து மேலே ஒட்டினால்கூட முகம் சுளித்தது. அரைக்கிலோ கற்கள் ஆசையாக, முந்திரிக் கடை எப்படி இருந்தது என்று கேட்டன. உங்களுக்குச் சொன்னாலும் புரியாது என்று அது திரும்பி உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் அது ஒரு கணக்குப் போட்டது. சம்பளத்தைக் கூட்டித் தரச் சொல்லி யாரையும் கேட்க முடியாது. வேலையைக் குறைத்துக்கொள்ளலாம் இல்லையா? இந்த வெங்காயத்துக்குப் போய் முழுசாக ஒரு கிலோ எதற்கு? வாங்குகிற கூலிக்குத் தக்க கனம் இருந்தால் போதும்.

அன்றையிலிருந்து ஆரம்பித்தது. முத்துக்கனி தட்டிலிருந்து இறக்கிக் கருங்கல் பலகைமேல் வைக்கும்போதெல்லாம், அடிவயிற்றை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு உட்காரும். ஈயம் மெத்தென்ற சாமான். கருங்கல்லோ சொரசொரப்பு. கேட்க வேண்டுமா? கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்தது. ஈயத்தோடு சேர்ந்து முத்திரையும் போயிற்று. அதை அது கவனிக்கவே இல்லை. உடம்பு லேசானதில் அவ்வளவு சந்தோஷம்.

முதலில் கண்டுபிடித்தது தராசு. அது கோபக்காரன், மனசில் பட்டதை மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடும். இறங்குடா கீழே என்றது. நீ குறைந்தால் எதிரே வெங்காயமும் குறைகிறது, அது உனக்குத் தெரியுமா, தெரியாதா என்று கேட்டது.

“தெரியும். என் சம்பளத்துக்கு இது போதும்.”

“உன் சம்பளத்தை முத்துக்கனியா நிர்ணயம் பண்ணினா? வாங்குற சனம் பண்ணுச்சா? நீ குறைச்சது யாருக்கு?”

வெங்காயக் கிலோ முகத்தைத் திருப்பிக்கொண்டது. தராசுக்கு வேறு வழியும் இல்லை. எடை சமமானால் முள் நேராக நின்றாக வேண்டும், அதன் பிறப்பு அப்படி. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. முத்துக்கனியோ முள்ளைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று நம்பி, எப்போதும்போல மேலே ஒரு வெங்காயம் கொசுறு போட்டுக் கொடுத்தாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. கேக்குக்கும் பாயசத்துக்கும் முந்திரி வாங்கக் கூட்டம் அலைமோதியது. ஜெபமணி மறுபடியும் வந்து கிலோ கல் இரவல் கேட்டார். வெங்காயக் கிலோவுக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா, என் அருமை தெரிந்து தேடி வருகிறார்கள் என்று அரைக்கிலோக்களிடம் பீற்றிக்கொண்டது. இந்தத் தடவை எப்படியாவது அங்கேயே தங்கிவிட வேண்டும் என்று ஒரே முடிவாகப் போனது.

ஜெபமணி கல்லைத் தட்டில் ஏற்றும் முன் தூசி துடைக்கக் கவிழ்த்தார். முத்திரையைக் காணோம். முத்திரை இல்லாத கல்லால் நிறுத்தால் அவர் மேல்தானே வழக்கு வரும்? குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு தன் கல்லை ஒரு தட்டிலும் இதை மறு தட்டிலும் வைத்தார். வெங்காயக் கிலோ சர்ரென்று மேலே போயிற்று. கீழே இருந்து முந்திரிக் கிலோ அதையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அது பரிவாகக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

ஜெபமணி நல்ல மனுஷர். வேறு ஆளிடம் கொடுத்தனுப்பாமல் தானே எடுத்துக்கொண்டு வந்தார். காதும் காதும் வைத்த மாதிரி சொல்லத்தான் நினைத்தார். ஆனால் மெஸ் நடத்தும் சொர்ணம் அப்போது கடையில் நின்றுகொண்டிருந்தாள், தினம் அங்கேதான் வெங்காயம் வாங்குகிறவள். ஜெபமணி சொன்னதை அவளும் கேட்டுவிட்டாள்.

“முத்துக்கனி, இத்தனை நாளா உன் கிலோவுக்கு எவ்வளவு கிராம்?” என்றாள் சொர்ணம்.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. முத்துக்கனிக்கு முகம் வெளுத்துவிட்டது. சத்தியமா எனக்குத் தெரியாது அக்கா என்றாள். ஒரு கூடை வெங்காயத்தை நிறுக்காமலே அள்ளிச் சொர்ணத்தின் பையில் கொட்டினாள். சொர்ணம் வாங்கிக்கொண்டாள், ஆனால் மறுநாள் பக்கத்துக் கடைக்குப் போனாள். அவள் போனதைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். நாள்கணக்கில் சாக்கு சாக்காக வெங்காயம் அப்படியே கிடந்தது. சின்ன வெங்காயத்தில் முளைவிட ஆரம்பித்தது.

முத்துக்கனி வந்தவர் போனவரிடமெல்லாம் அந்தக் கல்லைக் கவிழ்த்துக் காட்டிக் காட்டி, என் கையால நான் ஒண்ணும் பண்ணலை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிலர் நம்பினார்கள், சிலர் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். கல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பலகைமேல் கிடந்தது. இழுக்கவும் இல்லை, உரசவும் இல்லை.

ஜெபமணிக்கே மனசு கேட்கவில்லை. அந்தச் சனியனைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டுப் புதுசு ஒன்று வாங்கு தாயி என்றார். கல்லுக்கு அப்போதுதான் உதறல் எடுத்தது. பழைய இரும்புக் கடையிலும் தராசு உண்டு. அங்கே தன்னை வைத்து யாரும் நிறுக்க மாட்டார்கள், தன்னைத்தான் நிறுப்பார்கள். எதிரே வேறொரு கிலோ கம்மென்று உட்கார்ந்திருக்கும்.

முத்துக்கனி கல்லை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“போடுறதுக்கு மனசு வரலை அண்ணாச்சி” என்றாள். “எனக்காக ஏறி இறங்கித்தானே இது இப்படித் தேஞ்சு போச்சு. என்கிட்ட உழைச்சுக் குறைஞ்சதை நான்தானே சரி பண்ணணும்.”

அந்தக் கல்லுக்கு அப்போது வாய் இருந்து அவள் காதில் விழுமானால் கதறியிருக்கும். உழைத்துத் தேய்ந்தது என்று நினைக்கிறாளே. ஐயோ, நானே என்னைத் தேய்த்துக்கொண்டேன் தாயி, வன்மத்தில் தேய்த்துக்கொண்டேன் என்று அது உள்ளுக்குள் துடித்தது. யாருக்குக் கேட்கும்? அரைக்கிலோக்களுக்குக் கேட்டது. அவை பெரிய மனசோடு அதைக் குத்திக்காட்டாமல் விட்டன.

எடைக்கற்களைச் சோதித்து முத்திரை போடும் சர்க்கார் முகாம் வந்தது. பேட்டை வாசலில் மேஜை போட்டு ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே கல் பழுது பார்க்கிறவர் கரியடுப்பு மூட்டி ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். முத்துக்கனி தன் கல்லைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். வெங்காயக் கடைக்குத்தானே, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். கிலோ கிலோவா இருக்கணும் என்று மட்டும் சொன்னாள்.

உருகிய ஈயம் குழிக்குள் இறங்கியது. அந்த வலி லேசான வலியா? ஆனால் கல் அசையவில்லை. இன்னும் ஊற்று, நிறைய ஊற்று என்றுதான் அதற்கு இருந்தது. பழுது பார்க்கிறவர் ஈயத்தை அடித்து இறுக்கினார், பிசிறைச் சீவினார். ஆய்வாளரிடம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று, அப்போதுதான் முத்திரை வாங்கி வெளியே வந்த ஒரு கிலோவைக் கேட்டு வாங்கி எதிர்த்தட்டில் வைத்தார். அது ஜெபமணியின் கல்.

தராசு ஆடியது. இது மேலே, அது கீழே. அது மேலே, இது கீழே.

ஆட்டத்துக்கு நடுவிலே முந்திரிக் கிலோ பேச்சுக் கொடுத்தது. பழைய பரிவு திரும்பி வந்திருந்தது. “வெங்காயம் நிறுக்கத்தானே போறே. அதுக்குப் போய் இவ்வளவு வலியைத் தாங்கணுமா?”

ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கியது.

“பேச்சை விடு” என்றது வெங்காயக் கிலோ. “முள்ளைப் பாரு.”