தூக்குவாளிச் சாம்பல்

தியாகேசன் மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் மீட்டர் பார்த்தவர். ஒரு யூனிட்டைக் கூட்டியும் எழுதியதில்லை, குறைத்தும் எழுதியதில்லை. கல்யாணமான மூன்றாம் மாதம் மாமனார் வீட்டு மீட்டரில் சீல் அறுந்திருந்ததைப் பார்த்தார். அதையும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். மாமனார் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையை அழைக்கவில்லை. மனைவி தையல்நாயகி மட்டும் போய்விட்டுப் பலகாரப் பொட்டலத்தோடு திரும்பி வந்தாள்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு சனிக்கிழமை காலை மடத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாகச் சொன்னார்.

"சாமி, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்."

காவிரிக் கரையில் இருக்கும் சின்ன மடம் அது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நூறு பேருக்குச் சாப்பாடு போடுவார்கள். சாமிக்கு நாற்பத்து மூன்று வயது. ஒரு காலத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். உட்கார வைத்து உபதேசம் செய்கிற பழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. பந்தியில் சாம்பார் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வருவார். அதனால் ஊரில் பந்திச் சாமி என்று பேர்.

தியாகேசனுக்கு அறுபத்தேழு. வயதில் இவ்வளவு சின்னவரைப் போய்க் குரு என்கிறீர்களே என்று கேலி செய்தவர்களுக்கு அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "என் டாக்டரும் என்னைவிடச் சின்னவர்தான்."

சாமி பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் சாமி. அறுபத்தேழு வருஷத்துல."

"உக்காருங்க ஐயா. அந்த இன்னொரு அரிவாள்மனையை இழுத்துக்குங்க."

தியாகேசன் உட்கார்ந்தார். ஒரு கீற்றுப் பூசணியை எடுத்து வைத்துக்கொண்டு, நறுக்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

தையல்நாயகி போன ஆடியில் இறந்துபோனாள். நாலே நாள் காய்ச்சல். ஒரே மகள் மங்கை கனடாவில் இருந்தாள், எட்டு மாதக் கர்ப்பம். விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். அம்மாவின் முகத்தைக் கடைசியாக அவள் பார்த்தது வீடியோவில்தான்.

ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் காரியம் எல்லாவற்றையும் தியாகேசனே செய்தார். பால் தெளிக்கிற அன்று எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் போட்டார். மிச்சச் சாம்பலையும் துளி விடாமல் வழித்து, மடத்துப் படித்துறையில் இறங்கிக் கரைத்தார். மிச்சம் வைக்கக்கூடாது என்பதுதான் வழக்கம். அவர் வழக்கம் தவறாதவர்.

ஒன்பதாம் நாள் மங்கை போன் செய்தாள்.

"அப்பா, எல்லாத்தையும் கரைச்சிடலையே? எனக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கீங்கல்ல?"

அவள் ஊரில் ஒரு கம்பெனி இருந்தது. எரித்த சாம்பலைக் கொடுத்தால் அதிலிருந்து வைரம் செய்து தருவார்களாம்.

"மோதிரத்துல வெச்சுப் போட்டுக்குவேன்ப்பா. அம்மா என்கூடவே இருப்பா. நான்தான் வரவே இல்லையே." அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள்.

"வெச்சிருக்கேன்மா" என்றார் தியாகேசன்.

இதுதான் அந்தப் பொய்.

"சத்தியமா நான் சொல்ல நினைச்சது 'இல்லம்மா'ங்கிறதைத்தான் சாமி. வாய்க்குள்ள என்ன நடந்துச்சுன்னே தெரியல."

"அப்புறம்?"

"அரைக்கிலோ வேணும்னுட்டா."

சாமி பூசணி விதைகளை வழித்துத் தட்டில் போட்டார். உதட்டைக் கடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"வீட்ல கேஸ் அடுப்பு. சாம்பலுக்கு நான் எங்க போவேன்? ஞாயித்துக்கிழமை பந்தி முடிஞ்சு எல்லாரும் வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் பின்பக்கமாப் போயி மடத்து அடுப்புல..."

"தூக்குவாளி நிறைய அள்ளினீங்க."

"பாத்தீங்களா!"

"பாத்திரம் தேய்க்கன்னு நினைச்சேன். சலிச்சீங்களா?"

"இல்ல சாமி. கட்டிகிட்டி இருந்தாத்தான் எலும்பு மாதிரி தெரியும்னு விட்டுட்டேன்."

சொல்லும்போதே தியாகேசன் குன்றிப்போனார். மங்கையின் தோழி ஒருத்தி ஊருக்கு வந்திருந்தாள். அவளிடம் அந்தத் தூக்குவாளியைக் கொடுத்தபோது அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாளாம். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை.

"போன வாரம் மங்கை வந்துட்டா சாமி. குழந்தையோட. கையில மோதிரம்."

"கல்லு எப்படி இருக்கு?"

"துவரம்பருப்புல பாதி இருக்கும். லேசா மஞ்சள். நல்லாத்தான் இருக்கு, அதுதான் கொடுமை. பக்கத்து வீட்டம்மா வந்து அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, தையலு, உன்ன இப்படிப் பாக்கறேனேடின்னு அழுதாங்க. மங்கை சிரிச்ச மாதிரி நின்னா. எனக்குச் சோறு இறங்கல."

"ம்."

"சொன்னா அவ இடிஞ்சு போயிடுவா. சொல்லலேன்னா நான் இடிஞ்சு போயிடுவேன். என்ன செய்யட்டும் சாமி?"

சாமி நறுக்கிய காயை எல்லாம் வாளியில் தள்ளினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பந்தி. பெரிய அண்டா கரி புடிச்சுக் கெடக்கு. எட்டு மணிக்கு மகளைக் கூட்டிக்கிட்டு வாங்க. ரெண்டு பேருமா தேச்சுக் குடுங்க."

"சாமி, நான் கேட்டது..."

"காதுல விழுந்துச்சு ஐயா. அண்டாவும் தேய்க்கணும்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தியாகேசனுக்கு எரிச்சல்தான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவனைத் தரை துடைக்கச் சொன்ன மாதிரி இருந்தது. இருந்தாலும் சாமி சொல்லி அவர் எதையும் தட்டியதில்லை. மங்கையிடம் சொன்னபோது அவள் உடனே சரி என்றாள். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைப் பற்றி அவர் அப்போது யோசிக்கவும் இல்லை.

மறுநாள் எட்டு மணிக்கு அண்டா படித்துறைக்கு வந்து சேர்ந்தது. பக்கத்தில் ஒரு கூடை அடுப்புச் சாம்பல், தேங்காய் நார். சாமி குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். லாரி ஹாரன் போல வாயால் ஊதிக் காட்டினார். குழந்தை அவர் தாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை ஊதச் சொல்லி எம்பியது.

அப்பாவும் மகளும் அண்டாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"இந்தப் படியிலதானேப்பா?" என்றாள் மங்கை.

"இதே படிதாம்மா."

இரண்டு பேரும் நாரில் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார்கள்.

"மோதிரத்தைக் கழட்டி வெச்சிடும்மா. கல்லுல சாம்பல் படுது."

"படட்டும்ப்பா."

பட்டது. தியாகேசன் பார்த்தார். எந்த அடுப்பிலிருந்து வந்ததோ அதே அடுப்பின் சாம்பல் அந்தக் கல்லின் மேல் அப்பிக்கொண்டு நின்றது. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார்.

"மங்கை, அது அம்மா இல்லம்மா."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்ப்பா."

தியாகேசன் கீழே வைத்த நார் படியிலிருந்து நழுவித் தண்ணீரில் மிதந்து போனது. அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

"எப்போலேர்ந்து?"

"கார்த்திகையிலேர்ந்து. கம்பெனிக்காரங்க போன் பண்ணாங்க. இதுல எலும்பே இல்ல, வெறும் விறகுச் சாம்பல்தான் இருக்கு, வைரம் செய்யணுமா வேண்டாமான்னு கேட்டாங்க."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த சின்ன வெல்வெட் பையை எடுத்தாள். நகைக்கடையில் தோடு போட்டுக் கொடுக்கிற பை.

"சாம்பலைச் சலிக்கும்போது இது கெடச்சுதாம். உங்க அம்மாவோட பொருளா இருக்கலாம்னு மரியாதையா எனக்கு அனுப்பி வெச்சாங்க."

தியாகேசன் பையைப் பிரித்து உள்ளங்கையில் கவிழ்த்தார். கரிந்துபோன ஒரு புளியங்கொட்டை விழுந்தது.

சாமி குழந்தைக்கு ஆற்றைக் காட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"பாத்த உடனே எந்த அடுப்புன்னு தெரிஞ்சு போச்சுப்பா. பந்திக்குச் சமைக்க வந்து புளி கரைக்கறப்போ அம்மா கொட்டையை எல்லாம் இந்த மடத்து அடுப்புலதானே வீசுவா. பட்டு பட்டுன்னு வெடிக்கும். சின்னப் புள்ளைல நான் அதுக்காகவே ஞாயித்துக்கிழமை வருவேன். ஒண்ணே ஒண்ணு வெடிக்காம இருந்திருக்கு."

"தெரிஞ்சுமா செய்யச் சொன்னே?"

"முதல்ல கோவம்தான் வந்துச்சு. ரெண்டு நாள் அழுதேன். நான் கடைசியா கேட்ட ஒண்ணையும் எங்கப்பா குடுக்கலையேன்னு." அவள் நாரில் இன்னும் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொண்டாள். "அப்புறம் நீங்க தூக்குவாளியோட அடுப்பு முன்னாடி குத்துக்கால் வெச்சு உக்காந்திருக்கறதை நினைச்சுப் பாத்தேன். யாராவது வராங்களான்னு திரும்பித் திரும்பிப் பாத்துருப்பீங்க. பொய் சொல்லவே தெரியாத மனுஷன். சலிச்சு அனுப்பணும்னுகூடத் தெரியல. அதை எப்படிப்பா வேண்டாம்னு சொல்றது? செய்யுங்கன்னுட்டேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க ஏன் என்கிட்ட சொல்லல?"

தியாகேசன் அழுதார். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்து தொலைத்தது. எதை அடக்குவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டார். மங்கை சாம்பல் கையாலேயே அவர் முகத்தைத் துடைத்தாள். மீசை முழுக்கக் கரியானது. பத்து மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதில், எழுந்து நின்றால் மிதந்துவிடுவோமோ என்றிருந்தது அவருக்கு.

பிறகுதான் ஞாபகம் வந்தவராகச் சாமியைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா சாமி?"

"வெள்ளிக்கிழமை தங்கச்சி வந்து சொன்னாங்க. அப்பா மனசு நோகாம இதை எப்படிச் சொல்றதுன்னு கேட்டாங்க."

"நேத்தே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே! ராத்திரி பூரா நான் உருண்டுக்கிட்டுக் கெடந்தேன்."

"அவங்க சொன்னது அவங்களுது. நீங்க சொன்னது உங்களுது. என்னுதுன்னு பாத்தா அந்த அண்டா ஒண்ணுதான் ஐயா."

மறுபடி தேய்க்க உட்கார்ந்தார்கள். இப்போது வேலை சீக்கிரம் நடந்தது. தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார் தியாகேசன். சாம்பல் கலங்கிய தண்ணீர் படியிலிருந்து வழிந்து ஆற்றில் இறங்கி, கொஞ்ச தூரம் தனியாக ஓடி, பிறகு எது எது என்று தெரியாமல் கலந்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தினமும் காலையில் இங்கே குளிக்க வரும்போது, தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால், வரேன் தையலு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வது அவர் வழக்கம். இன்றைக்கும் சொன்னார்.

அண்டா தகதகவென்றிருந்தது. குழந்தை அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டது. சாமி அவளை மங்கையிடம் கொடுத்தார். வந்த வேகத்தில் அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்து, மோதிரத்தைக் கல்லோடு வாயில் போட்டுக்கொண்டாள். பல் முளைக்கிற நேரம், ஈறு ஊறியிருக்க வேண்டும். நறநறவென்று கடித்தாள்.

தியாகேசன் முகத்தில் மறுபடி ஒரு கவலை வந்தது. முப்பத்தோரு வருஷப் பழக்கம் லேசில் விடுமா?

"சாமி, இன்னும் ஒண்ணு மட்டும் உறுத்துது."

"சொல்லுங்க."

"இந்தப் புள்ள நாளைக்குப் பெரிசாகும். இந்த மோதிரம் இவளுக்குத்தான் போகும். இது என்ன தாத்தான்னு கேப்பா. உன் பாட்டின்னு சொன்னா அது பொய். அடுப்புக்கரின்னு சொல்லவும் மனசு வரல. என்னன்னு சொல்றது? இன்னொரு பொய் சொல்ல என்னால ஆகாது சாமி."

சாமி அண்டாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அரிசி களைய நேரமாகியிருந்தது. மூன்று படி ஏறியவர் நின்று திரும்பினார்.

"எதுக்குப் பொய்? உள்ளதைச் சொல்லுங்க ஐயா. உங்க தாத்தா ஆயுசுல சொன்ன ஒரே பொய் இது, பத்திரமா வெச்சுக்கோன்னு."