டி.எஸ்.பி.யின் டொக் டொக்

டி.எஸ்.பி. மார்த்தாண்டன் எப்போது சுட்டாலும் அவர் பிஸ்டலில் இரண்டாவது குண்டு சிக்கிக்கொள்ளும். “எண்ணெய்கூடப் போடத் தெரியாதவன்” என்று ஆயுதக் கிடங்கு அந்தோணிமுத்துவைப் போன மாதம் சஸ்பெண்ட் செய்யவைத்தார். இப்போது அந்த இடத்தில், அந்தோணிமுத்துவுக்குக் கீழே இருந்த செல்லக்கனி.

“இன்னைக்கு எஸ்.பி. ஐயா முன்னாடி சுடணும். சிக்குச்சுன்னா நீயும் வீட்டுக்குத்தான்!”

செல்லக்கனி குண்டு நிரப்பிய வேறு மேகசினைப் பிஸ்டலில் செருகிக் கொடுத்தாள். டி.எஸ்.பி. சுட்டார்; எட்டுக் குண்டும் படபடவென்று பாய்ந்தன.

“என்னம்மா ரிப்பேர் பண்ணே?” என்றார் எஸ்.பி.

“பிஸ்டலை நான் தொடவே இல்லீங்க ஐயா. பழைய மேகசினோட வாய் நெளிஞ்சு விரிஞ்சிருக்கு. குண்டு மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்குது, உள்ளே போக மாட்டேங்குது.”

“வாய் எப்படி நெளிஞ்சுது?”

“வெயில்ல நிக்கறீங்களே ஐயா, முதல்ல ஒரு டீ சாப்பிடுங்க.”

டீ என்றதும் டி.எஸ்.பி. பழைய மேகசினை எடுத்துக் கவிழ்த்து, மேஜையில் டொக் டொக் என்று தட்டினார். “யாருடா அங்கே? டீ கொண்டா!”

“இப்படித்தாங்க ஐயா” என்றாள் செல்லக்கனி.

எல்லோரும் சிரித்தார்கள். “அந்தோணிமுத்துவை உடனே வேலைக்குக் கூப்பிடுங்க” என்றார் எஸ்.பி.

செல்லக்கனி தலைகுனிந்தாள். அந்தோணிமுத்து நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து பத்து நாளாகியிருந்தது. அந்த டொக் டொக் போன மாதமே அவள் காதில் விழுந்ததுதான். அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை.