பெருமாயன் கொடிக்காலில் நுழைந்தவன் யார்?

துப்பறிவதற்குப் படிப்பு வேண்டாம், வாய் இருந்தால் போதும் என்று கருங்காட்டூரில் ஆகிவிட்டது. வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டிய வீட்டில் பெருமாயனும் அவர் மனைவி அன்னக்கொடியும் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த மகளும் வெட்டுப்பட்டுக் கிடந்த நாளிலிருந்து அப்படித்தான். போதாக்குறைக்கு, கொடிகளுக்கு நடுவே ஒரு கஞ்சா மூட்டையும் கிடைத்தது. அப்புறம் ஊர் வாயை மூட யாரால் முடியும்?

தவமணி அந்த ஊரில் வெற்றிலை அடுக்கிக் கட்டுகிற கூலிக்காரி. ஷெட்டில் அவள் கை அதுபாட்டுக்கு வேலை செய்தது, காது மட்டும் சுற்றியிருந்தவர்களின் பேச்சில் கிடந்தது. பேச்சு அவள் தம்பியின் தலையைச் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தது.

உரக்கடை ராசாங்கத்துக்கு எதையாவது படம் பிடித்து யூடியூபில் போடாவிட்டால் சோறு இறங்காது. கொலைச் சேதி பரவியதும் போலீசுக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் முந்திப்போய்ப் படம் எடுத்தவர் அவர்தான். “மலைக்கு அந்தப் பக்கத்துக் கஞ்சாக் கோஷ்டி வேலை இது. பைக்குல வந்தாய்ங்க, போட்டாய்ங்க, போயிட்டாய்ங்க” என்பது அவர் கட்சி.

மருந்துக்கடை சௌந்தரம் ஒத்துக்கொள்ள மாட்டார். “அந்த ஜீப்புக்காரன் ஜெயக்கொடியப் பிடிச்சு ரெண்டு தட்டுத் தட்டுனா எல்லாம் வந்துரும்” என்பார்.

ஜெயக்கொடிதான் தவமணியின் ஒரே தம்பி. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் மலை ஏறி இறங்குகிறவன். அவன் மேல் சந்தேகம் விழக் காரணம் ஒரு செருப்பு. கொடிக்கால்காரர்களுக்குக் கொடிக்கால் கோயில் மாதிரி. செருப்புக் காலோடு யாரும் உள்ளே போகக் கூடாது. இது ஜெயக்கொடியின் மண்டையில் ஏறியதே இல்லை. அவன் திட்டு வாங்காத கொடிக்கால் அந்த ஊரில் இல்லை. கொலைக்குச் சில நாள் முன்பு பெருமாயனின் கொடிக்காலுக்குள்ளும் அப்படியே நுழைந்து, பத்துப்பேர் பார்க்க அறை வாங்கினான். அறை வாங்கியதால் பகை, ஜீப் இருப்பதால் கஞ்சா என்று சௌந்தரம் கணக்கை முடித்துவிட்டார். ஊரே திருவிழாவுக்குப் பக்கத்து ஊர் போயிருந்த அந்த நாளில், தான் ஜீப்பில் படுத்துத் தூங்கினேன் என்று ஜெயக்கொடி சொன்னான். அதற்குச் சாட்சி இல்லை. பேச்சு முற்றி, போலீஸ் அவனைக் கொண்டுபோனது.

மூன்றாவதாக ஒரு பெயரும் அடிபட்டது. பக்கத்துக் கொடிக்கால் வைரவன். அந்த ஷெட்டும் அவருடையதுதான். பெருமாயன் வீட்டைத் தவிர மற்றக் கொடிக்கால்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு திருவிழாவுக்குப் போய்விட, தண்ணீர் பாய்ச்சும் முறை தன்னுடையது என்று அவர் மட்டும் தங்கியிருந்தார். ஆனால் பிணங்களுக்கு முன்னால் தரையில் விழுந்து புரண்டு அழுதவரும் அவர்தான். அதனால் அந்தப் பெயரை எடுத்தவனை ஊரே ஏசி அடக்கிவிட்டது.

“அழுகாதத்தா. வக்கீலுக்குச் சொல்லியிருக்கேன். உன் தம்பி எனக்கும் பிள்ளைதான்” என்றார் வைரவன்.

“உங்களைத்தான் மாமா நம்பியிருக்கேன்” என்றாள் தவமணி.

தம்பியை மறுநாள் கோர்ட்டில் நிறுத்தப் போவதாக ஸ்டேஷனில் சொன்னார்கள். அவன் வீங்கிய முகத்தோடு, “அக்கா, நான் இல்லக்கா” என்றான். திரும்பும் பஸ்ஸில் தவமணி ராசாங்கத்தின் படத்தைப் போனில் ஓட்டிப் பார்த்தாள். ஏற்கெனவே பார்த்ததுதான். இந்த முறை முகங்களை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

தண்ணீர் பாய்ந்த ஈரம் காயாத மண். வீட்டின் கொல்லைவாசலிலிருந்து செருப்புத் தடம் ஒன்று கொடிக்காலை நோக்கிப் போகிறது. வரப்பு வந்ததும் இரண்டு செருப்பின் அச்சும் பக்கத்தில் பக்கத்தில், கோயில் வாசலில் விட்டது போல அழுந்தியிருக்கின்றன. அதற்கப்புறம் உள்ளே வெறுங்கால் தடம். அதை ஒட்டியிருந்த இலைகளில் இரத்தம் தீற்றியிருக்கிறது. தடம் மூட்டை கிடந்த இடம்வரை போய்த் திரும்புகிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரம்தான் தெரிகிறது. அடுத்து ஊர்க்கூட்டம் வரப்பில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே இறங்குகிறது. போலீஸ் வந்து பார்த்தபோது அந்த ஒரு கால் ஊர்க்காலோடு கலந்து போயிருந்தது.

“அடப்பாவி!” என்று அவள் கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கதையைக் கேட்டவர்களே, தவமணி பார்த்ததை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். மலைக்கு அந்தப் பக்கத்துக் கோஷ்டி, ஜெயக்கொடி, வைரவன் என்று ஊர் வாயில் விழுந்தது மூன்றுதான். இதில் யாரை நினைத்து அவள் “அடப்பாவி” என்றாள்?

விடை: வைரவனை. வெட்டிவிட்டு ஓடுகிற வெளியூர்க்காரன் நின்று செருப்பைக் கழற்ற மாட்டான். ஜெயக்கொடியோ சும்மா போகும்போதே கழற்ற மறந்து அறை வாங்கியவன். மூன்று உயிரை எடுத்த கையோடு, கொடிக்கால் தீட்டுப்படக் கூடாதென்று செருப்பைக் கழற்றி வைத்தவன் கொடிக்கால்காரனாகத்தான் இருக்க முடியும். செத்துப்போன பெருமாயனை விட்டால் அன்று ஊரில் தங்கிய கொடிக்கால்காரர் ஒருவர்தான். தவமணி இதை எந்தக் குரூப்பிலும் போடவில்லை. இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி இன்ஸ்பெக்டரிடம் போனாள். “இதுவும் ஒரு யூகம்தானம்மா?” என்றார் அவர். “யூகந்தான் சார். அதான் ஊருக்குச் சொல்லாம உங்ககிட்ட வந்தேன். நீங்க தேடிப் பாருங்க” என்றாள். தேடியதில் மீதிக் கஞ்சா மூட்டைகள் வைரவனின் கொடிக்காலில், கொடி படர நட்ட அகத்தி மரங்களுக்கு அடியில் கிடைத்தன. அதைப் பெருமாயன் குடும்பம் கண்டுவிட்டதால்தான் வெட்டு; ஒரு மூட்டையை அவர் கொடிக்காலில் போட்டது பழியைத் திருப்ப. தன் கொடிக்காலில் போலீஸ் இறங்கியதும், எதற்கு வந்தீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. “ஐயா, பூட்ஸக் கழட்டிட்டு வாங்கய்யா!” என்று அலறினார். அந்த அலறலில் இருந்த பதற்றம், மூன்று பிணங்களுக்கு முன்னால் அழுதபோதுகூட அவர் குரலில் இருந்ததில்லை.