மருதமரத்துக்குக் காவல்

காட்டெருமையின் முதுகில் காக்கை எச்சமிட்டது.

இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். அது சாதாரணக் காட்டெருமை இல்லை. நெல்லியாற்றங்கரைக் காட்டின் வனசபைத் தலைவர்! அதுவும் கூட்டம் நடக்கும்போது, எல்லா விலங்குகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எச்சம் விழுந்தது. ஒரு குட்டிக் குரங்கு களுக்கென்று சிரித்தும் விட்டது.

“இந்த மரத்தைச் சாய்ங்க!” என்று காக்கை உட்கார்ந்திருந்த மரத்தைக் காட்டிக் கத்தினார் தலைவர்.

அது ஆற்றோரத்தில் நின்ற மருதமரம். நன்றாக வைரம் பாய்ந்த மரம். தண்ணீரிலேயே கிடந்தாலும் லேசில் இற்றுப்போகாது. அதன் நீண்ட கிளை ஒன்று, ஆற்றின் நடுவே இருந்த ஒரு திட்டு வரை நீண்டிருந்தது. அந்தத் திட்டில் ஒரு சருகுமான் தன் குட்டியோடு குடியிருந்தது. சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். தலையில் கொம்புகூடக் கிடையாது. ஆற்றிலோ முதலை! அதனால் அந்தக் கிளை வழியாகத்தான் அது கரைக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

இதையெல்லாம் யார் யோசித்தார்கள்? அந்தப் பக்கம் போன யானைக் கூட்டத்தைச் சபையார் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தினார்கள். யானைகள் முட்டின. மருதமரம் கரைச் சரிவில் தடாலென்று சாய்ந்தது. திட்டுக்குப் போன கிளை முறிந்து ஆற்றோடு போய்விட்டது.

“அடிமரம் அருமையான மரமாச்சே! இதை என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டது பெரிய யானை.

“அதை அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்,” என்றார் தலைவர்.

யானை தன் கூட்டத்தோடு மலைக்குப் போய்விட்டது.

மறுநாள் திட்டிலிருந்து கூக்குரல் கேட்டது.

“ஐயா! நானும் என் குட்டியும் இங்க மாட்டிக்கிட்டோம்! மழை வந்தா திட்டு முழுகிப் போயிடும்! அந்த மரத்தைக் குறுக்கே போட்டுக் குடுங்கய்யா!”

காட்டுப்பன்றி ஓடி வந்தது. சரிவை மேலும் கீழும் பார்த்தது.

“தலைவரே! மரத்தோட தலை ஆத்தைப் பார்த்துத்தான் கிடக்குது. அடியில கொஞ்சம் மண்ணைக் கிளறிவிட்டா, வழுக்கிக்கிட்டுப் போய்த் திட்டுல முட்டி நிக்கும். சாயங்காலத்துக்குள்ள நானே முடிச்சுத் தர்றேன்!”

தலைவர் சபைச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் உடும்பு. ஒன்றைப் பிடித்தால் விடவே விடாது.

“அதெப்படி முடியும்?” என்றது உடும்பு. “மரம் பொதுச் சொத்து! இன்னைக்குச் சருகுமான் பாலம் கேட்கும். நாளைக்கு அணில் ஊஞ்சல் கேட்கும். அப்புறம் கரடி கட்டில் கேட்கும்! யாருக்குன்னு குடுக்கறது?”

உடனே தீர்மானம் போட்டார்கள். மருதமரம் பொதுச் சொத்து. ஒரு சிராய்கூட அந்த இடத்தைவிட்டு வெளியே போகக்கூடாது! மரத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று யோசிக்க ஒரு குழு. குழுவில் யாரைப் போடலாம் என்று யோசிக்க இன்னொரு குழு. எல்லோரும் கை தட்டினார்கள். திட்டில் நின்ற சருகுமானுக்குக் கைதட்டல் கேட்டது. மரம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக் குட்டியை நக்கிக் கொடுத்தது. பாவம்.

“மரத்துக்குக் காவல் வேணுமே! யார் இருக்கீங்க?” என்று கேட்டார் தலைவர்.

“நான் இருக்கேன்!” என்று முன்னால் வந்தது அழுங்கு. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில் வைத்திருக்குமே, அந்த அழுங்குதான். “எனக்குச் சம்பளமும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். சாப்பாட்டை நானே பார்த்துக்கறேன்.”

“ஆகா! என்ன ஒரு சேவை மனசு!” என்று தலைவர் உருகிப்போனார்.

அழுங்குக்கு உயிரான சாப்பாடு கரையான். இது காட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தலைவருக்கும் தெரியும். ஆனால் சம்பளம் வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகு மற்றதெல்லாம் எங்கே ஞாபகம் வரப்போகிறது?

அழுங்கு காவலைக் கண்ணும் கருத்துமாகச் செய்தது. அணில் கூட்டுக்குப் பட்டை கேட்டு வந்தது. “போ, போ! பொதுச் சொத்து!” என்று விரட்டியது. காட்டுப்பன்றி மண்ணைக் கிளறலாமா என்று மெல்ல மூக்கை நீட்டியது. “தொட்டே, அவ்வளவுதான்!” என்று வாலைச் சுழற்றியது.

பிறகு கரையான்கள் வந்தன. வரிசை வரிசையாக வந்தன. அழுங்கு நகர்ந்து வழி விட்டது!

“அழுங்கண்ணே, அங்க பாருங்க! கரையான்!” என்று பதறியது காட்டுப்பன்றி.

“பார்த்துட்டேன்.”

“மரத்தைத் தின்னுதே!”

“தின்னட்டும். தீர்மானம் என்ன சொல்லுது? வெளியே கொண்டு போகக்கூடாது. இதுங்க எங்கே கொண்டு போகுது? இங்கேயே உட்கார்ந்துதானே தின்னுது!”

காட்டுப்பன்றி மூச்சிரைக்கச் செயலாளரிடம் ஓடியது. உடும்பு நெடுநேரம் யோசித்தது. “அழுங்கு சொல்றது சரிதான். கரையான் தீர்மானத்தை மீறலை,” என்றது. எனக்கே இந்த இடத்தில் பற்றிக்கொண்டு வருகிறது. காட்டுப்பன்றிக்கு எப்படி இருந்திருக்கும்!

கரையான்கள் மரத்தைத் தின்று கொழுத்தன. அழுங்கு கரையான்களைத் தின்று கொழுத்தது. ஒருநாள் தலைவர் பார்வையிட வந்தார். மேல்பட்டை அப்படியே இருந்தது.

“சபாஷ்! ஒரு சிராய்கூடக் குறையலை!” என்று அழுங்கைத் தட்டிக் கொடுத்தார். அழுங்கு மரியாதையாக ஏப்பத்தை அடக்கிக்கொண்டது.

மலையில் மழை பிடித்தது. ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி வந்தது. திட்டின் ஓரம் கரைந்தது. சருகுமான் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உச்சியில் ஏறி நின்றது. தண்ணீர் அதன் குளம்பைத் தொட்டது. கீழே முதலை ஆடாமல் அசையாமல் காத்திருந்தது.

“என்னை விடுங்கய்யா! என் குட்டியையாவது காப்பாத்துங்க!” என்று அது கதறியது. பயத்தில் அதன் குரல் கிறீச்சிட்டது.

சபை அவசரமாகக் கூடியது. இப்போது தலைவரே முந்திக்கொண்டார். “மரத்தை எடுத்துக்கலாம்! எடு! எடு!” என்றார்.

காட்டுப்பன்றி பாய்ந்து போய் மண்ணைக் கிளறியது. மரம் வழுக்கியது. ஆனால் அது மரம் போலவா போனது? காற்றில் பறக்கும் ஓலை போலப் போனது! ஆற்றில் விழுந்ததும் மடாரென்று இரண்டாகப் பிளந்தது. உள்ளே கட்டை இல்லை. செம்மண்ணும் தூளும்தான் இருந்தன. வெள்ளம் அதைக் கழுவிக் கொண்டு போனது. வெறும் தோல் மட்டும் தொட்டி போல மிதந்தது.

ஒரு பாதி எங்கோ போயிற்று. மற்றொரு பாதி சுழன்று சுழன்று போய்த் திட்டில் இடித்தது. சருகுமான் இமைக்கக்கூட இல்லை. குட்டியை உள்ளே தள்ளியது. தானும் குதித்தது. முதலை பின்னாலேயே வந்து ஓரத்தை லபக்கென்று கடித்தது. வாய் நிறையக் கரையான் மண்! “தூ! தூ!” என்று துப்பிக்கொண்டு பின்தங்கிவிட்டது.

தொட்டி வெள்ளத்தோடு விரைந்தது. கரையில் உடும்பு கூடவே ஓடியது.

“அம்மா! ஏய் அம்மா! அது பொதுச் சொத்து! கொண்டு வந்து ஒப்படைச்சிடணும்!”

சருகுமான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தலைவர் நீண்ட பெருமூச்சு விட்டார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். “பார்த்தீங்களா? பாலம் கேட்டாங்க. நாம படகே குடுத்துட்டோம்!” என்றார். சபை ஒருமனதாகத் தன்னைத்தானே பாராட்டித் தீர்மானம் போட்டது. நன்றி சொல்ல அழுங்கு எழுந்தது. வயிறு கனத்ததால் மறுபடி உட்கார்ந்துவிட்டது. காட்டுப்பன்றி மட்டும் கை தட்டவில்லை.

வெகுதூரம் தள்ளி, வேறொரு காட்டில் தொட்டி கரை ஒதுங்கியது. ஒதுங்கியதுமே பொலபொலவென்று உதிர்ந்துபோனது. அங்கே ஒரு முள்ளம்பன்றி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நனைந்து நடுங்கிய தாயையும் குட்டியையும் பார்த்து அதற்குப் பரிதாபமாகிவிட்டது.

“ஐயோ, என்னம்மா ஆச்சு? உங்க காட்டுல ஒரு மரங்கூடவா இல்லை, பிடிச்சுக் கரையேற?”

“இருந்துச்சு அண்ணே,” என்றது சருகுமான். “ரொம்ப நல்லா காவல் காத்தாங்க!”

பொதுச் சொத்தை யாருக்கும் உதவாமல் காவல் காத்தால், அது கடைசியில் கரையானுக்கே போய்ச் சேரும்.