ஏரியில் விழுந்த கதாநாயகி

இருபதாம் நூற்றாண்டு பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஸ்வீடன் தேசத்தில் பெண்கள் சிலர் கதை எழுத உட்கார்ந்தார்கள். எதைப் பற்றி என்கிறீர்களா? வயசுக்கு வந்த ஒரு பெண் மனசுக்குள் என்னென்ன நினைக்கிறாள், எதற்குப் பயப்படுகிறாள், யாரோடு மல்லுக்கு நின்று வீட்டை விட்டுக் கிளம்புகிறாள் என்பதைப் பற்றி. அதையெல்லாம் ஒரு பொருட்டாக நினைத்தவர்கள் அதுவரை குறைவு. கெட்டிக்காரிகள்! எழுதி, அச்சில் ஏற்றி, ஊரையே படிக்க வைத்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஊல்ரிகா டீச்சர். முன்பு பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தியவர், பிறகு நாவலே தொழிலாகிவிட்டது. ஏரிக்கரையில் தனி வீடு. கனத்த உடம்பு, வாய்விட்ட சிரிப்பு.

அவரிடம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவள் தோரா. அதே ஏரியின் எதிர்க்கரையில் பிறந்த பெண், இப்போது டீச்சர் வீட்டுக்குப் பக்கத்தில் தங்கியிருந்தாள். டீச்சர் என்றால் அவளுக்கு உயிர்.

ஒரு குளிர்காலக் காலையில் அவள் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“டீச்சர், என் நாவலைப் போடுகிறார்களாம்!”

“அடி சக்கை! யார்?”

“ஸ்டாக்ஹோம் பதிப்பாளர்தான். முதலில் வேண்டாமென்று திருப்பி அனுப்பினாரே, அவரே.”

“மனசு மாறிவிட்டாரா?”

“நான் கதையின் முடிவை மாற்றினேன்.”

டீச்சரின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

விஷயம் இதுதான். தோராவின் கதாநாயகி பெயர் ஸிக்னே, ஏரிக்கரைப் பெண். முதலில் எழுதிய முடிவில் அவள் தன்னந்தனியாக நகரத்துக்கு ரயிலேறிப் போய்விடுவாள். பதிப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். ஒரு பெண் தானாக எப்படியம்மா பெரியவள் ஆவாள், ஒருத்தன் வர வேண்டாமா என்று கேட்டார். தோரா பாவம், என்ன செய்வாள்? மற்ற பதிப்பாளர்கள் முன்பே கதவைச் சாத்திவிட்டார்கள். இந்த வருஷமும் புத்தகம் வராவிட்டால் பேசாமல் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார் என்று அப்பா சொல்லிவிட்டார். ஆகவே புது முடிவு. ஸிக்னே உறைந்த ஏரியில் சறுக்கிப் போகிறாள், பனி உடைந்து விழுகிறாள், பாதிரியார் மகன் ஆர்விட் வந்து தூக்குகிறான், கல்யாணம்.

“ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றா?”

“நாளைக்குப் போட வேண்டும். நன்றாயிருக்கிறது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.”

“வா, ஏரிக்குப் போய்வரலாம்.”

“நான் கேட்டதற்குப் பதில்?”

“உட்கார்ந்தபடி எனக்கு உருப்படியான பதில் வந்ததே இல்லை.”

இரண்டு பேரும் சறுக்குக் காலணிகளை மாட்டிக்கொண்டார்கள். கழுத்தில் ஆணிப்பிடிகளையும் தொங்கவிட்டார்கள். கயிற்றில் கோத்த இரண்டு மரப்பிடிகள், நுனியில் கூரான ஆணி, அவ்வளவுதான். பனி உடைந்து உள்ளே விழுந்தால், அந்த ஆணிகளைப் பனியில் குத்தி, உடம்பை இழுத்து வெளியே ஏற வேண்டும். நாம் செருப்பு மாட்டுவதைப் போல அந்த ஊரில் அதை மாட்டுவார்கள்.

டீச்சர் நீளக் கழியால் பனியைத் தட்டிப் பார்த்துப் பார்த்துப் போனார். தோராவுக்குப் பொறுமை இல்லை. முன்னால் போய், திரும்பி வந்து, மறுபடி முன்னால் போனாள்.

“உங்களுக்குப் பிடிக்கவில்லை, அப்படித்தானே?”

“நான் ஒன்றும் சொல்லவில்லையே.”

“அதுதான் தெரிகிறதே. உங்கள் கதையில் கல்யாணமே நடக்காது. அதனால்…”

“கல்யாணத்தோடு எனக்கு என்னடி சண்டை? நன்றாக நடக்கட்டும்.”

“பின்னே என்ன குறை?”

“முதலில் எதிரே பார். ஓடை வந்து சேர்கிற இடம், பனி மெலிசாக இருக்கும்.”

கோபத்தில் இருப்பவள் காதில் அதெல்லாம் ஏறுமா? விறுவிறுவென்று போனாள். காலடியில் கண்ணாடி விரிசல் விடுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நொடி தோரா தண்ணீருக்குள் இருந்தாள்.

குளிர் நெஞ்சைப் பிடித்து இறுக்கியது. மூச்சு வரவில்லை. ஐயோ செத்தேன் என்று நினைத்தாள். ஆனால் அவள் அப்படி நினைத்து முடிப்பதற்குள் கைகள் ஆணிப்பிடிகளைப் பற்றிவிட்டன. குத்தினாள். விளிம்பு உடைந்தது. வாயில் வந்ததையெல்லாம் கத்திக்கொண்டு இன்னும் தள்ளிக் குத்தினாள். காலை உதைத்து, இழுத்து, வயிறு மேலே ஏறியது. எழுந்து நிற்கக் கூடாது என்று ஏரிக்கரைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்படியே பீப்பாய் மாதிரி உருண்டு உருண்டு கெட்டியான பனிக்கு வந்தாள்.

டீச்சர் அந்தப் பெரிய உடம்போடு குப்புறப் படுத்து, கழியை நீட்டிக்கொண்டு ஊர்ந்து வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது தோரா எழுந்து உட்கார்ந்து ஏரியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“பேசுகிறாயே, அது போதும்,” என்றார் டீச்சர். “ஓடு, வீட்டுக்கு ஓடு.”

வீட்டில் டீச்சரின் கம்பளிச் சட்டைக்குள் இன்னொரு தோராவுக்கும் இடம் இருந்தது. அடுப்பருகே உட்கார வைத்து, அந்த ஊர் வழக்கப்படி காபியைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் கொடுத்தார். அவள் இரண்டு வாய் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் பிரதியை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

“ஸிக்னே தண்ணீரில் விழுகிற இடத்தைப் படி.”

“இப்போதா? பல் தந்தியடிக்கிறது டீச்சர்.”

“அடிக்கட்டும். படி.”

தோரா படித்தாள். “‘காப்பாற்றுங்கள்’ என்று ஸிக்னே மெல்லிய குரலில் அழைத்தாள். அவளுடைய பொன்னிறக் கூந்தல் நீரில் மலர்போல் விரிந்தது. தன் வெண்ணிறக் கைகளை அவள்…”

நிறுத்திவிட்டாள். முகம் சிவந்தது.

“ஏன் நிறுத்திவிட்டாய்?”

“நான் தண்ணீரில் என்ன சொல்லிக் கத்தினேன் டீச்சர்?”

“அதை அச்சில் போட முடியாது.”

இருவரும் சிரித்தார்கள். தோரா மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

“ஸிக்னே எந்த ஊர்?” என்று கேட்டார் டீச்சர்.

“இந்த ஊர்தான்.”

“கழுத்தில் ஆணிப்பிடி இல்லையா?”

“இந்த இடத்தை முதலில் எழுதியபோது இருந்தது. நான்தான் அடித்துவிட்டேன்.”

“ஏன்?”

“அது இருந்தால் அவளே ஏறி வந்துவிடுவாளே. பிறகு ஆர்விட்டுக்கு என்ன வேலை?”

“போர்வை கொண்டுவரட்டும். பாவம், அவளுக்குக் குளிருமே.”

தோரா காபித் தட்டைக் கீழே வைத்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தது.

“உங்களுக்கென்ன, பெயர் வாங்கிவிட்டீர்கள். நான் இதை மாற்றினால் அவர் புத்தகம் போட மாட்டார். அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். பதிப்பாளரும் கைவிட்டால் என்னை யார் டீச்சர் தூக்கிவிடுவார்கள்?”

டீச்சர் எழுந்து போய்த் துண்டை எடுத்து வந்தார். அவள் பின்னால் நின்று துவட்ட ஆரம்பித்தார்.

“உன் தலைமுடி இன்னும் காயவே இல்லை. அதற்குள் மறந்துவிட்டாயா?”