வராமல் போனவர்

மெஹருன்னிசா சிதம்பரத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் உளவியலாளராக இருந்தார். பேசிக் குணப்படுத்தும் சிகிச்சையை அவரிடம் சிலர் கற்றுவந்தார்கள். அவர்களில் வைகுண்டம் என்பவர் ஆசிரியையைவிட வயதில் மூத்தவர். ராணுவ மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அங்கே பீதி நோயோடு பலர் வந்தார்கள். திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இதோ செத்துவிடுவோம் என்று தோன்றும். ஈசிஜி எடுத்துப் பார்த்தால் இதயத்தில் ஒரு கோளாறும் இருக்காது.

ஒருநாள் வைகுண்டம் கேட்டார்.

"சிலரை பயத்தை நேருக்கு நேர் சந்திக்கப் பழக்குறோம். சிலரைப் பழைய காயங்களைப் பேச வைக்கிறோம். சிலர் சொல்றத சும்மா கேட்டுக்கிட்டு இருக்கோம். மூணுல எது நல்லது, மேடம்?"

"நீங்களே விசாரிச்சுப் பாருங்க" என்றார் மெஹருன்னிசா.

வைகுண்டம் சிகிச்சையை முடித்தவர்களைத் தேடித் தேடிப் போய்ப் பேசினார். வீட்டைவிட்டு இறங்காமல் இருந்த ஒரு பெண் இப்போது தனியாகப் பேருந்தில் போய்வருகிறாள். மூச்சு முட்டும் என்று கதவைத் திறந்துவைத்தே படுத்த ஒரு தையல்காரர் இப்போது சாத்திக்கொண்டு தூங்குகிறார். எல்லோரையும் பார்த்துவிட்டு வந்து ஆசிரியையிடம் சொன்னார். மூன்று முறைகளுக்கும் நடுவே பெரிய வித்தியாசமில்லை, பயத்தைச் சந்திக்கும் முறை மட்டும் சற்று மேல்.

"பாதியில நின்னவங்க?"

"சிகிச்சையே முடியலையே மேடம். அவங்கள எப்படிச் சேர்க்குறது?"

மெஹருன்னிசா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாங்க என்றார்.

பேருந்து கொள்ளிடம் பாலத்தைக் கடந்தது. அக்கரையில் இறங்கி, ஒரு தெருவின் கடைசி வீட்டுக்குப் போனார்கள். கலியமூர்த்தியின் வீடு. வைகுண்டம்தான் அவருக்குச் சிகிச்சை தந்தவர். சில வாரம் வந்தார், பிறகு வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. அவருக்கு அக்கறை இல்லை என்று வைகுண்டம் விட்டுவிட்டார்.

கதவைத் திறந்தவள் கலியமூர்த்தியின் தங்கை. இடுப்பில் கைக்குழந்தை இருந்தது.

"அண்ணன் ரூம விட்டு வெளியவே வர்றதில்ல. சாப்பாடு கூட அங்கதான்" என்றாள்.

உள்ளறையில் சன்னல் சாத்தியிருந்தது. பகலிலும் விளக்கு எரிந்தது. கலியமூர்த்தி கட்டிலைவிட்டு எழவில்லை. ஏன் வருவதை நிறுத்திவிட்டார் என்று வைகுண்டம் கேட்டார்.

"பாலத்தத் தாண்டணுமே சார்."

பிறகு அவராகவே மெதுவாகச் சொன்னார். ஒருநாள் சிகிச்சைக்கு வரும்போது பாலத்தின் மேல் மூச்சு அடைத்துக்கொண்டது. சத்தம் போட்டுப் பேருந்தை நிறுத்தி இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். அதன்பின் பேருந்து நிறுத்தத்துக்கே போக முடியவில்லை. பிறகு தெருவுக்கும் இறங்க முடியவில்லை. மழைக்காலத்தில் மனைவி தையல்நாயகிக்குப் பிரசவ வலி எடுத்தது. தங்கைதான் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனாள். குழந்தை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. உடனே வரச்சொல்லி போன் வந்தது. கலியமூர்த்தி ஆட்டோவில் ஏறினார். பாலத்தின் முனைவரை போனார். அங்கே ஆட்டோவைத் திருப்பச் சொன்னார்.

"எங்க அவரு, எங்க அவருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாளாம்" என்றார். "சுடுகாட்டுக்கும் நான் போகல சார்."

அடுத்த அறையில் குழந்தை அழுதது. தங்கை அதைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

   இருவரும் விடைபெற்று எழுந்தார்கள்.

தெருவில் இறங்கிச் செருப்பை மாட்டும்போது பின்னால் மூச்சிரைப்பு கேட்டது. கலியமூர்த்தி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"இனிமே வராதீங்க சார்" என்றார். உள்ளே போய்விட்டார்.

தெருமுனையில் வைகுண்டம் நின்றார். பிறகு கேட்டார்.

"இவருக்கு எந்த முறை, மேடம்?"

"எதுன்னாலும் சரி. நாளைக்கு இங்க வந்து ஆரம்பிங்க."

"வராதீங்கன்னு சொல்றாரே."

"வாசல் வரைக்கும் வந்து சொன்னார்" என்றார் மெஹருன்னிசா.